ரிப்போர்ட் யாருக்கு சார்? - கட்டிட இன்ஸ்பெக்டர்களின் 170 வருடக் கதை

போன வருஷம் எங்க கம்பெனிக்கு ஒரு பழைய கட்டிடத்தில் இரண்டு மாடி லீசுக்குப் பார்த்தோம். எண்பதுகளில் கட்டியது. நல்ல இடம், வாடகையும் கட்டுப்படியானது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றும் வேலை என் தலையில் விழுந்தது. "நீங்கதானே பழைய கட்டிடம், கல்வெட்டுன்னு எழுதுறீங்க, நீங்களே போங்க" என்றார் எங்க அட்மின் மேனேஜர்.

வந்தவருக்கு அறுபது வயசு இருக்கும். பையில் ஒரு டார்ச், டேப், விரிசலின் அகலத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் கோடு போட்ட பிளாஸ்டிக் அட்டை, ஒரு சின்ன சுத்தியல். கீழ்த்தளத்துக்குப் போனதும் ஒவ்வொரு தூணாகத் தட்ட ஆரம்பித்தார். டங், டங், டங். ஒரு தூணில் மட்டும் 'பொத்' என்று சத்தம் வந்தது. மறுபடி தட்டினார், அதே சத்தம். சந்தையில் மண்பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்ப்பது ஞாபகம் வந்தது. அதே விஷயம்தான். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் மேல் கான்கிரீட் ஒட்டாமல் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்.

சுவரில் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "ரிப்போர்ட் யாருக்கு சார்? ஓனருக்கா, உங்களுக்கா?"

"எங்களுக்குத்தான். பீஸ் நாங்கதானே தர்றோம்."

"அப்ப சரி, எழுதலாம்" என்றார்.

அந்த "எழுதலாம்" என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. அப்படியென்றால் ஓனர் காசு கொடுத்திருந்தால் அந்த 'பொத்' சத்தம் என்ன ஆகியிருக்கும்? அதைப் பிடித்துக்கொண்டு வாசிக்கப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. தொழில்முறைக் கட்டிட ஆய்வின் வரலாற்றைப் படித்தால், கருவிகளைவிட அந்த ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது.

பாய்லருக்குள் போன மனிதர்கள்

அடுத்தவர் தொழிற்சாலைக்குப் போய், தட்டிப் பார்த்து, குறை எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிற வேலை பெரிய அளவில் ஒழுங்கானது கட்டிடத்தை வைத்து அல்ல, பாய்லரை வைத்து. 19ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரம் வந்த இடமெல்லாம் பாய்லர் வெடித்தது. ஒரு பாய்லர் வெடித்தால் அது இருந்த கட்டிடமே போய்விடும். ஏன் வெடிக்கிறது என்பதற்கு விசித்திரமான விளக்கங்கள் உலவின. உள்ளே மின்சாரம் உருவாகிறது, தண்ணீர் பிரிந்து வாயுவாகி வெடிக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். இல்லாவிட்டால் கடவுள் செயல் என்று கோப்பை மூடிவிடுவார்கள். காரணம் மர்மம் என்றால் யாரும் பொறுப்பில்லை, எல்லாருக்கும் வசதி.

இதை ஏற்காதவர்களில் ஒருவர் வில்லியம் ஃபேர்பேர்ன். ஸ்காட்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் பெரிய இன்ஜினியரானவர். அவருடைய முயற்சியில் 1854-55ல் மான்செஸ்டரில் பாய்லர் வெடிப்பைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் உருவானது. மில் முதலாளிகள் சந்தா கட்டுவார்கள், சங்கத்தின் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், எழுதிக் கொடுப்பார். அரசாங்கம் கிடையாது, சட்டம் கிடையாது. எழுதிக் கொடுத்ததைச் செய்வதும் செய்யாததும் முதலாளி இஷ்டம்.

இன்ஸ்பெக்டரின் கருவிகளைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். சுத்தியல், விளக்கு, சுரண்டி, சாக்பீஸ், அளவுகோல். மேன்ஹோல் வழியாகப் படுத்தபடி உள்ளே நுழைவார். ரிவெட்டையும் தகட்டைத் தாங்கும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டுவார். முழுசாக இருந்தால் கணீரென்று கேட்கும், உடைந்திருந்தால் மொத்தையாகக் கேட்கும். தண்ணீரின் உப்பு படிந்த இடத்தைச் சுரண்டி, அடியில் தகடு அரித்திருக்கிறதா என்று பார்ப்பார். வெளியே வந்து பிரஷர் கேஜ் சரியாகக் காட்டுகிறதா, சேஃப்டி வால்வின் மேல் யாராவது கூடுதல் எடை தொங்கவிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார். கூடுதல் எடை தொங்கவிடுவது அப்போது சர்வசாதாரணம். வால்வு திறந்தால் நீராவி வீணாகிறதே என்ற கவலை.

இந்த வேலையில் இன்ஸ்பெக்டரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. வரிசையாக நாலு பாய்லர் இருக்கும். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு அதற்குள் ஆள் போவார். குழாய் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. வெளியே இருப்பவன் தெரியாமல் ஒரு வால்வைத் திறந்தால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார். சூடு ஆறாமல் இறங்கினாலும், காற்று இல்லாமல் இறங்கினாலும் ஆபத்துதான். வால்வைப் பூட்டி சாவியை உள்ளே போகிறவர் கையிலேயே கொடுப்பது, வாசலில் ஓர் ஆளைக் காவல் வைப்பது போன்ற இன்றைய விதிகள் எல்லாம் இந்த மாதிரிச் சாவுகளிலிருந்து வந்தவை. நம்ம ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் இன்றும் சாகிறார்கள். 150 வருஷத்துக்கு முன்னால் தெரிந்த பாடம் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை.

தப்பாகப் பார்த்தால் யாருக்கு நஷ்டம்?

மான்செஸ்டர் சங்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது. இன்ஸ்பெக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்றால் சங்கத்துக்குக் கெட்ட பெயர் வரும், அவ்வளவுதான். 1858ல் அதே ஊரில் பாய்லர் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று தொடங்கியது. வெடித்தால் பணம் தருகிறோம் என்றார்கள். காசு வந்துவிடும் என்றால் முதலாளி அஜாக்கிரதையாக இருப்பானே என்று எதிர்த்தவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். ஆனால் அது முதலாளி பக்கத்தை மட்டும் பார்த்த கணக்கு. இன்ஸ்பெக்டர் பக்கம் என்ன மாறுகிறது என்பதை அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம்தான் நன்றாகப் பார்க்க முடிகிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊர். 1854 மார்ச்சில் அங்கே ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து சுமார் 20 பேர் இறந்தார்கள். 1857ல் அந்த ஊர் இளைஞர்கள் சிலர் பாலிடெக்னிக் கிளப் என்று ஒன்று வைத்து அறிவியல் பேச ஆரம்பித்தார்கள். பாய்லர் வெடிப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடித்தால் தடுக்கவும் முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். நடுவில் உள்நாட்டுப் போர். போர் முடிகிற சமயத்தில், 1865 ஏப்ரல் 27ல், வீடு திரும்பும் போர்க் கைதிகளை அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு மிசிசிப்பி ஆற்றில் போன சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்தன. 1,100 பேருக்கு மேல் போனார்கள்.

அடுத்த வருஷம், 1866ல், அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்கள் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் 'ஹார்ட்ஃபோர்ட் நீராவி பாய்லர் இன்ஸ்பெக்‌ஷன் மற்றும் இன்சூரன்ஸ் கம்பெனி'. பெயரில் எது முதலில் வருகிறது என்று பாருங்கள். வசூலித்த பிரீமியத்தில் பெரும் பகுதி நஷ்ட ஈட்டுக்குப் போகவில்லை, இன்ஸ்பெக்டர்களுக்குத்தான் போனது. இப்போது இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டால் நஷ்டம் அவருக்குச் சம்பளம் கொடுக்கிற கம்பெனிக்கே. "நல்லாத்தான் இருக்கு" என்று பொய் எழுத அவருக்கு எந்த லாபமும் இல்லை.

தீ விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் பழையது. ரோட் ஐலண்டில் சக்கரையா ஆலன் என்ற மில் முதலாளி தீப்பிடிக்காத மாதிரி நிறையச் செலவு செய்து மில்லைச் சீர்படுத்தினார். பிரீமியத்தைக் குறையுங்கள் என்று கேட்டார். மாட்டோம் என்றது இன்சூரன்ஸ் கம்பெனி. 1835ல் அவர் மற்ற மில்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு பரஸ்பர இன்சூரன்ஸ் தொடங்கினார். ஒரு மில் எரிந்தால் எல்லாரும் சேர்ந்து கட்டணும். அதனால் பக்கத்து மில்லில் குப்பை கிடந்தால் இவருக்குக் கோபம் வரும்.

ஹார்ட்ஃபோர்ட் கம்பெனி செய்த இன்னொரு காரியம் என் மாதிரி சாஃப்ட்வேர் ஆளுக்கு ரொம்பப் பிடித்தது. 1867லேயே 'தி லோகோமோடிவ்' என்று ஒரு பத்திரிகை தொடங்கி, எத்தனை பாய்லர் பார்த்தோம், எத்தனை குறை, அதில் எத்தனை ஆபத்தானது, என்ன வகைக் குறை என்று அச்சடித்து வெளியிட்டார்கள். எங்க பாஷையில் சொன்னால் பப்ளிக் பக் டிராக்கர். வருஷக்கணக்கில் அதைப் பார்க்கிறவர்களுக்கு மர்மம் எல்லாம் போய்விடும். வெடிப்புக்குக் காரணம் மின்சாரமும் இல்லை, கடவுளும் இல்லை. அரிப்பு, உப்புப் படிவு, கெட்டுப்போன கேஜ், கட்டி வைத்த வால்வு.

இந்தக் கதையில் நம் பக்கமும் ஓர் அத்தியாயம் உண்டு. 1863ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகு, 1864ல் வங்காளத்தில் பாய்லர்களை ஆய்வு செய்யச் சட்டம் வந்தது. அது மாகாணம் மாகாணமாகப் பரவி, கடைசியில் 1923ல் இந்தியா முழுமைக்கும் ஒரே பாய்லர் சட்டமானது. இங்கே வழி வேறு. காப்பீட்டுக் கம்பெனி ஆள் அல்ல, சர்க்கார் இன்ஸ்பெக்டர். அவர் பாஸ் பண்ணினால்தான் பாய்லர் ஓட முடிந்தது.

பைனாகுலரில் பார்த்த கட்டிடம்

பாய்லரிலிருந்து முழுக் கட்டிடத்துக்கு வருவோம். 1979 மே மாதம் நியூயார்க்கில் பிராட்வே நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவியின் மேல் பழைய கட்டிடத்தின் முகப்பிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. அந்தப் பெண் இறந்துபோனார். அடுத்த ஆண்டே, 1980ல், நகரம் ஒரு சட்டம் போட்டது. ஆறு மாடிக்கு மேல் உள்ள கட்டிடங்களின் முகப்பை 5 வருஷத்துக்கு ஒரு முறை தகுதியுள்ள இன்ஜினியரோ ஆர்க்கிடெக்டோ பார்த்து நகராட்சிக்கு ரிப்போர்ட் தரணும்.

அந்தச் சட்டம் தெருவைப் பார்த்த முகப்பை மட்டும்தான் கேட்டது. எதிர்ப் பக்கத்தில் நின்று பைனாகுலரில் பார்த்து எழுதிவிட்டுப் போகவும் இடம் இருந்தது. 1997 டிசம்பரில் மேடிசன் அவென்யூவில் ஓர் அலுவலகக் கட்டிடத்தின் சுவரிலிருந்து செங்கற்கள் சரிந்து தெருவில் கொட்டின. விழுந்தது சட்டம் பார்க்கச் சொல்லாத பக்கத்துச் சுவர். 1998ல் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லாப் பக்கமும் பார்க்கணும், ஒரு இடத்திலாவது சாரத்தில் தொங்கி, கைக்கு எட்டும் தூரத்தில், தொட்டுப் பார்க்கணும். மறுபடியும் சுத்தியல்!

ஆனால் பீஸ் கொடுப்பது கட்டிட ஓனர்தான். 2015ல் மன்ஹாட்டனில் ஒரு கட்டிடத்தின் எட்டாவது மாடி ஜன்னல் விளிம்பிலிருந்து துண்டு விழுந்து இரண்டு வயசுக் குழந்தை இறந்தது. அந்தக் கட்டிடம் பாதுகாப்பானது என்று சில வருஷம் முன்பு ரிப்போர்ட் கொடுத்து, கையெழுத்துப் போட்டிருந்த இன்ஜினியர் அந்தக் கட்டிடத்துக்குப் போகவே இல்லை என்று நகரத்தின் விசாரணையில் தெரிந்தது. சட்டம் இருந்தது, ஃபார்ம் இருந்தது, முத்திரை இருந்தது, தட்டிப் பார்க்க வேண்டிய கைதான் இல்லை.

கருவி பத்தாதா என்று கேட்டால், கருவி நிறைய வந்துவிட்டது. 1940களின் கடைசியில் எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்ற சுவிஸ் இன்ஜினியர் ஸ்பிரிங் வைத்த ஒரு சுத்தியலைக் கண்டுபிடித்தார். கான்கிரீட்டில் அழுத்தினால் அடித்துத் திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதிலிருந்து கடினத்தை ஊகிக்கலாம். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எங்க ஆளும் அடுத்த நாள் அதைக் கொண்டுவந்தார். ஆனால் எச்சரித்தார்: "பழைய கான்கிரீட்டோட மேல்தோல் காற்று பட்டுப் பட்டு இறுகிப்போயிருக்கும் சார். நம்பர் நல்லா வரும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது." அதனால்தான் சின்ன உருளையாக வெட்டி எடுத்து லேபில் நசுக்கிப் பார்ப்பது, பினாப்தலீன் தெளித்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது எல்லாம். இளஞ்சிவப்பானால் கான்கிரீட் உள்ளிருக்கும் கம்பியை இன்னும் காக்கிறது. நிறம் வராவிட்டால் காவல் போய்விட்டது. இவ்வளவு இருந்தும் எந்தக் கருவியும் "எதை எழுதலாம்" என்று முடிவு செய்வதில்லை.

இரண்டு தொழிற்சாலைகள், ஒரு ஒப்பந்தம்

2012 செப்டம்பர் 11. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. ஜன்னலுக்குக் கம்பி, வெளியேறும் வழிகள் பூட்டு. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

2013 ஏப்ரல் 23. டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடி வணிகக் கட்டிடத்தில் விரிசல்கள் தெரிந்தன. ஒரு இன்ஜினியரை அழைத்துக் காட்டினார்கள். பார்த்தவர் ஆபத்து, ஆட்களை வெளியேற்றுங்கள் என்றார். இதை முக்கியமாகச் சொல்லணும்: ஆய்வு நடந்தது, சரியாகவும் நடந்தது. மறுநாள் கீழே இருந்த வங்கியும் கடைகளும் திறக்கவில்லை. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் ஆட்களை உள்ளே வரச் சொன்னார்கள். காலையில் கரண்ட் போனது, மேல் மாடிகளில் ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன, கட்டிடம் உட்கார்ந்துவிட்டது. 1,134 பேர். அங்கே இருந்த சில கம்பெனிகள் அதற்கு முன் ஆடிட்டில் தேறியிருந்தவை. அந்த ஆடிட் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் பார்த்ததே தவிர, கட்டிடம் நிற்குமா என்று பார்க்கவில்லை.

வங்கியும் அதே கட்டிடம், தையல் மிஷினும் அதே கட்டிடம். இரண்டுக்கும் ஒரே விரிசல். யாருடைய பேச்சுக்கு யார் கட்டுப்படணும் என்பதில்தான் வித்தியாசம்.

அடுத்த மாதமே பிராண்டுகளும் சர்வதேசத் தொழிற்சங்கங்களும் பங்களாதேஷ் அக்கார்ட் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பணம் பிராண்டுகள் தரும், ஆனால் தலைமை இன்ஸ்பெக்டர் அவர்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. தொழிற்சாலை ஓனர் பீஸ் தருவதில்லை. ரிப்போர்ட் இணையத்தில் எல்லாரும் படிக்கும்படி போடப்படும். சரிசெய்யாத தொழிற்சாலையோடு பிராண்டுகள் வியாபாரத்தை நிறுத்தணும். ஆபத்து என்று தெரிந்தால் தொழிலாளி வேலை செய்ய மறுக்கலாம். முதல் சுற்று ஆய்வுகளில் மட்டும் 80,000க்கும் மேற்பட்ட குறைகள் எழுதப்பட்டன. தூண் தாங்கும் சுமை, உள்ளே கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேனர், பூட்டிய இழுப்புக் கதவு, தீத்தடுப்புக் கதவு. சில கட்டிடங்களில் ஆட்களை அன்றைக்கே வெளியேற்றினார்கள். முதல் சுற்றில் கருவிகள் எல்லாம் பழையவைதான். புதுசு என்றால் ரிப்போர்ட் போய்ச் சேர்ந்த விலாசம்தான்.

ஹார்ட்ஃபோர்ட் சொன்ன பதில்: தப்பாகப் பார்த்தால் நஷ்டப்படுகிறவன் இன்ஸ்பெக்டரை வைக்கட்டும். கல்கத்தாவும் நியூயார்க்கும் சொன்ன பதில்: சர்க்காரிடம் கொடு. டாக்கா சொன்ன பதில்: எல்லாருக்கும் காட்டு. ஒவ்வொன்றிலும் குறை உண்டு. பாதுகாப்புக்கு யார் காசு தருகிறாரோ அவருக்கு மட்டும் ரகசியமாகக் கொடு என்ற ஏற்பாடு மட்டும் எங்கேயும் நன்றாக முடிந்ததாக நான் படிக்கவில்லை.

எங்க கட்டிடம்

இப்போது சொல்லாமல் விட்டதைச் சொல்லணும்.

ரிப்போர்ட் வந்தது. அந்தத் தூணில் கம்பி அரிப்பு இருக்கிறது, மேல் மாடியில் யூபிஎஸ் பேட்டரி மாதிரி கூடுதல் சுமை ஏற்றுவதற்கு முன் விரிவான சோதனை 'தேவை' என்று எழுதியிருந்தார். எங்க பக்கம் அவசரம். பழைய ஆபீஸ் லீஸ் முடியப் போகிறது, டீம் வேறு பெருகிவிட்டது. மேலே இருந்து எனக்குப் போன் வந்தது. நான் அவருக்குப் போன் போட்டேன். "சார், 'தேவை'ங்கிறதை 'செய்தால் நல்லது'ன்னு போடலாமா?" ஆமாம், நான்தான் கேட்டேன். 2014ல் மவுலிவாக்கத்தில் 11 மாடி சரிந்து 61 பேர் இறந்தபோது நான் போரூர் பக்கம்தான் வேலை பார்த்தேன். வாரக்கணக்கில் அதைப் பற்றி ஆபீசில் கோபமாகப் பேசியவன். அப்படிப்பட்டவன்தான் கேட்டேன். பீஸ் நாங்கள்தானே தருகிறோம் என்ற நினைப்பு.

அவர் கோபப்படவில்லை. "மாத்தலாம் சார். மாத்தச் சொல்லி நீங்க ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க. ரிப்போர்ட்டோட பின்னாடி சேர்த்துடுறேன்."

மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தினமும் கோட் ரிவ்யூவில் "யார் அப்ரூவ் பண்ணினது" என்று மற்றவர்களைக் கேட்கிறவன். என் பெயரில் அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. அனுப்பவில்லை. ரிப்போர்ட் அப்படியே மேலே போனது. சோதனைக்கு ஆறு வாரம் ஆனது, தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள், பேட்டரி ரூம் தரைத்தளத்துக்குப் போனது, நாங்கள் இரண்டு மாதம் தாமதமாகக் குடி போனோம். தாமதத்துக்கு எனக்கு நல்ல திட்டும் கிடைத்தது.

நீங்கள் ஆபீசுக்கோ கடைக்கோ ஒரு இடம் பார்க்கிறீர்கள் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். இன்ஸ்பெக்டரை ஏற்பாடு செய்தது யார்? புரோக்கர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பீஸ் ஒப்பந்தத்தின்போதே கொடுத்தாச்சா, இல்லை ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகா? வார்த்தை மாற்றச் சொன்னால் அதை அவர் பதிவு செய்வாரா? கையில் என்ன கருவி வைத்திருக்கிறார் என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தூணில் இப்போது பெயின்ட் அடித்துவிட்டார்கள். சாக்பீஸ் வட்டம் தெரியாது. வண்டியை நிறுத்திவிட்டு லிஃப்ட்டுக்குப் போகும்போது நான் தினமும் விரல் மடக்கி ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகிறேன். செக்யூரிட்டி அண்ணன் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.